மூலையில் போட்ட சதம்

பத்திரிகைத் தொழிலில் கழிந்த ஆண்டுகளில் நான் இட்ட தலைப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை மறந்துவிட்டன. இடத் தவறிய ஒரு தலைப்பு மட்டும் இன்னும் மனதை உறுத்திக்கொண்டிருக்கிறது.

2001 செப்டம்பர் 8, சனிக்கிழமை. கொழும்பு எஸ்.எஸ்.சி மைதானத்தில் இலங்கைக்கும் பங்களாதேஷுக்கும் இடையிலான டெஸ்ட் போட்டியின் மூன்றாம் நாள். டெஸ்ட் அரங்கில் ஆடத் தொடங்கி ஓராண்டுகூட நிறைவடையாத அணி பங்களாதேஷ். 2000 நவம்பரில் டாக்காவில் இந்தியாவுக்கு எதிராகத் தனது முதலாவது டெஸ்டில் 400 ஓட்டங்களைக் குவித்ததும், அமினுல் இஸ்லாம் 145 ஓட்டங்கள் பெற்றதும் உண்மைதான். ஆனால் இரண்டாவது இன்னிங்ஸில் 91 ஓட்டங்களுக்குச் சுருண்டு தோற்றதையே பலரும் நினைவில் வைத்திருந்தனர்.

கொழும்பிலும் அதே கதைதான். முதல் இன்னிங்ஸில் 90 ஓட்டங்கள். முத்தையா முரளிதரன் 13 ஓட்டங்களை மட்டும் கொடுத்து ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். பதிலுக்கு இலங்கை ஐந்து விக்கெட் இழப்பிற்கு 555. மார்வன் அத்தப்பத்து 201 ஓட்டங்களுடனும் மஹேல ஜயவர்தன 150 ஓட்டங்களுடனும், மற்றவர்களுக்கு வாய்ப்பளிப்பதற்காகத் தாமாகவே ஆட்டத்தை விட்டு வெளியேறினர். டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன்னர் எவரும் அவ்வாறு செய்ததில்லை. எதிரணியை இதைவிட இலேசாக எடைபோட முடியாது.

அந்த அவமதிப்புக்கு மறுமொழி கூறியவர் ஒரு சிறுவன். மொஹமட் அஷ்ரபுல். அதுதான் அவரது முதல் டெஸ்ட். 90 ஓட்டங்களுக்குள் அணி சுருண்டபோதும் அதிகபட்சமாக 26 ஓட்டங்கள் பெற்றவர் அவர்தான். இரண்டாவது இன்னிங்ஸில், அனுபவசாலியான அமினுல் இஸ்லாம் துணைநிற்க, முரளியின் சுழலை அச்சமின்றி எதிர்கொண்டு 114 ஓட்டங்களைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது பதினேழும் இரண்டு மாதங்களும். பாகிஸ்தானின் முஷ்டாக் மொஹமட் 1961 இல் நிலைநாட்டி, நாற்பது ஆண்டுகள் நிலைத்த சாதனை முறியடிக்கப்பட்டது. டெஸ்ட் சதமடித்த மிக இளைய வீரர் என்ற அப்பெருமை இன்றும் அவருக்கே உரியது. பங்களாதேஷ் 328 ஓட்டங்களைப் பெற்றும் இன்னிங்ஸாலும் 137 ஓட்டங்களாலும் தோற்றது. ஆட்டநாயகன் விருது முரளிக்கும் அஷ்ரபுலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அன்றிரவு ஞாயிறு இதழின் விளையாட்டுப் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. இலங்கையின் அபார வெற்றியை எட்டுப் பத்தித் தலைப்பாக்கினேன். சிறுவனின் சதம் வலது மூலையில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாயிற்று. இளம் உதவி ஆசிரியர் ஒருவர், "ஐயா, வெற்றியைவிட இதுதானே செய்தி?" என்று தயக்கத்துடன் கேட்டார். "தோற்ற அணியின் சதத்தை யார் தேடி வாசிப்பார்கள், தம்பி?" என்று சொல்லிப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பினேன். மூன்று நாட்களில் நியூயோர்க்கின் கோபுரங்கள் சரிந்தன. அதன்பின் அந்தப் பெட்டிச் செய்தியை நினைத்துப்பார்க்க எவருக்கும் நேரமிருக்கவில்லை.

நான் மறந்திருக்கக் கூடாத ஒன்று உண்டு. 1982 பெப்ரவரியில் இலங்கை தனது முதலாவது டெஸ்டை இங்கிலாந்துடன் கொழும்பில் ஆடியபோது, பதினெட்டு வயதான அர்ஜுன ரணதுங்க 54 ஓட்டங்கள் பெற்றார். அந்தப் போட்டியிலும் நாம் தோற்றோம். ஆனால் அந்த அரைச்சதத்தைக் கொண்டாடினோம். நேற்றுவரை கடைசி வரிசையில் நின்ற நாங்கள், இன்னொருவர் வந்து பின்னால் நின்றதும் முன்வரிசைக்காரரின் பார்வையைப் பழகிக்கொண்டோம்.

அஷ்ரபுலின் பிற்கால வாழ்வு நேர்கோடாக அமையவில்லை. 2013 மார்ச்சில் காலியில் 190 ஓட்டங்கள் குவித்தவர், சில மாதங்களுக்குள் ஆட்ட நிர்ணய மோசடியில் ஈடுபட்டதைத் தாமே ஒப்புக்கொண்டு கண்ணீர் மல்க மன்னிப்புக் கோரினார். தடை விதிக்கப்பட்டது. அந்தச் செய்தி எங்கும் பெரிய எழுத்துகளில் வெளியாகியது. அது நியாயமே, குற்றம் குற்றந்தான். ஆயினும் அதனை வாசித்தபோது எனக்கு அந்த வலது மூலைதான் நினைவுக்கு வந்தது. வீழ்ச்சிக்கு நாம் தாராளமாகக் கொடுக்கும் இடத்தை, எழுச்சியின்போது கொடுக்க மனம் வருவதில்லை.

அந்த உதவி ஆசிரியர் இன்று புலம்பெயர்ந்து தூர தேசமொன்றில் வாழ்கிறார். இதனை அவர் வாசிக்கக்கூடும். தம்பி, அன்று நீர் சொன்னதே சரி. அதுதான் செய்தி.