ஈஞ்சம்பாக்கத்துச் சித்திரசாலை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில், 1966-ஆம் ஆண்டு கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணாக்கர்களும் அமைத்த சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கு நான் சென்றது, யுத்தச் செய்தியும் துவேஷப் பேச்சும் நாள்தோறும் வீட்டுக்குள் வந்து விழுகின்ற இக்காலத்தில், உருவம் ஏதுமற்ற அருவச் சித்திரம் எழுதுகிற ஒருவர் எந்த நம்பிக்கையில் தூரிகை எடுக்கிறார் என்பதை நேரில் கண்டறியவே. என்னை வரவேற்ற முதியவர், தம் பெயர் வேண்டாம், வேலையைப் பாருங்கள் என்றார்.

பார்த்தேன். டர்பென்டைன் நெடி நிறைந்த அறையில் ஆளுயரக் கேன்வாஸ் ஒன்று சுவரோடு சாய்ந்திருந்தது. அன்று காலை அவர் அதன்மீது செய்த வேலை பூசுவதன்று, சுரண்டுவது. முன்வாரம் பூசி இன்னும் இறுகாதிருந்த சாம்பல் நிறத்தைக் கத்தி விளிம்பால் சீவி, அடியில் கிடந்த காவியை ஒரு விரற்கடை அகலத்துக்கு வெளிக்கொணர்ந்து, பின்வாங்கி நின்று நெடுநேரம் பார்த்து, திரும்ப வந்து அதில் பாதியை மூடினார். அடிப்பூச்சில் டர்பென்டைன் மிகுதியாகவும், மேலே போகப்போக ஆளிவிதை எண்ணெய் மிகுதியாகவும் சேர வேண்டும். முறை தவறினால், மேற்பூச்சு முந்திக் காய்ந்து பின்னால் வெடித்துவிடும். கடலோர ஈரத்தில் ஒவ்வொரு பூச்சும் உலர நாள் பிடிக்கிறது; அவசரம் என்பதற்கு இத்தொழிலில் இடமே இல்லை.

"போரைப் பற்றி ஒரு படம் எழுதலாகாதா, ஐயா?" என்று கேட்டேன்.

"போரின் படம் எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறதே. பார்க்கிறோம், விரலால் தள்ளிவிடுகிறோம். கொஞ்சநேரம் நின்று பார்க்க வைக்க முடியுமா என்றுதான் நான் பாடுபடுகிறேன்" என்றவர், சற்றுப் பொறுத்து, "கோபத்தோடு உள்ளே வந்தால் கை தானாகச் சிவப்பை எடுக்கும். அன்றைக்கு வர்ணத்தைத் தொடமாட்டேன், கேன்வாஸுக்குச் சட்டம் அடிப்பேன்" என்றார்.

இதைக் கலைஞனின் ஒதுங்கல் என்று சொல்வோர் இக்கிராமத்தின் சரித்திரத்தை அறியாதவர்கள். சித்திரம் வாங்குவோர் அரிதாயிருந்த அந்நாளில், துணியில் உருக்கிய மெழுகால் கோலமிட்டு, சாயத்தில் தோய்த்து, மெழுகின் விரிசல் வழியே நிறம் நரம்புபோல் ஓடும் பத்திக் வேலையைச் செய்து விற்று, அந்த வருவாயைக்கொண்டே இங்குள்ள ஓவியர்கள் காலூன்றினார்கள். கைத்தொழில் வயிற்றைக் காத்தது, சித்திரமோ வாங்குகிறவனின் விருப்பத்துக்கு வளையாமல் நின்றது. பணிக்கர் 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் சித்திர வரிசையில், ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்களும் எவராலும் வாசிக்கவியலாத எழுத்துக்களும் நிறைந்திருக்கின்றன. வாசிக்க முடிந்த சொற்களெல்லாம் மனிதரைக் கட்சி பிரித்து நிறுத்தும் இன்று, எப்பக்கமும் சேரச் சொல்லாமல் நம் கண்ணை அதன் சுதந்திரத்தில் விட்டுவைக்கும் இத்தகைய சித்திரம் ஆடம்பரமன்று, அத்தியாவசியம் என்றே நான் கருதுகிறேன். கோஷத்துக்குப் பழகிய மனம் ஒரு காவிக் கீற்றின் முன் தானாகவே பொருள் தேடத் தொடங்கும்போது, தான் இழந்திருந்த விவேகத்தில் கொஞ்சம் அதற்குத் திரும்பக் கிடைக்கிறது.

மதியம் பக்கத்து வீட்டு வானொலியில் எங்கோ குண்டு விழுந்து குழந்தைகள் இறந்த செய்தி கேட்டது. அவர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, மூலையிலிருந்த தேக்குச் சட்டத்தை எடுத்துவந்து, புதுத் துணியைத் தரையில் விரித்தார். நான்கு பக்கங்களிலும் முதலில் நடுவில் ஆணி. பிறகு எதிரெதிராக இழுத்துக்கொண்டே மூலைகளை நோக்கிப் போக வேண்டும். "தம்பி, அந்த மூலையைப் பிடியுங்கள், தளரவிடாதீர்கள்" என்றார். பிடித்துக்கொண்டேன்.