228ஆம் இடத்து உயிர்

மொழித்தரவைப் பாதுகாப்பது என்றால் கோப்புகளைப் படியெடுத்து வைப்பது என்றே நம் துறைகளில் பெரும்பாலும் கருதப்படுகிறது. கோப்பு இருந்தும் அதைப் படிக்கும் முறை மறைந்துபோனால் என்ன நேரும் என்பதைச் சில மாதங்களாகக் கண்டுவருகிறேன். கள ஆய்வில் ஈடுபடும் நண்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் ஆய்வுக்கு அடிப்படை, நீலகிரியின் சிறு மொழியொன்றின் சொற்றொகை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பேராசிரியர் அதை ‘ஷூபாக்ஸ்’ என்னும் டாஸ் நிரலில் தொகுத்தார். அவருக்குச் சொல் தந்த முதியோருள் பலர் இன்று இல்லை. களமொழியியலாருக்கென எஸ்ஐஎல் நிறுவனம் உருவாக்கிய அந்நிரல், தரவை எளிய உரைக்கோப்பாகவே சேமிக்கும். எந்தக் கணினியிலும் அதைத் திறக்கலாம். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒருங்குறி பரவாத காலம் அது. ஓர் எழுத்துக்கு ஒரு பைட். மொத்தம் 256 இடங்கள். முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்து, எண் முதலியவற்றுக்கு உரியவை. எஞ்சியவற்றில் ஆய்வாளர்கள் தத்தம் ஒலிக்குறிகளை அமர்த்தி, அதற்கென வரைந்த எழுத்துருவைத் திரையில் ஏற்றிக்கொண்டனர். பேராசிரியர் 228ஆம் இடத்தில் ஒரு நடு உயிரை வைத்திருந்தார். அதே 228, டாஸின் வழக்கமான 437ஆம் குறிப்பக்கத்தில் கிரேக்க சிக்மா. மேலை ஐரோப்பிய விண்டோஸ் குறியேற்றத்திலோ தலையில் இரு புள்ளி தாங்கிய ரோமன் ‘ஏ’.

இக்கோப்பை முன்பே ஒருவர் புதுப்பித்திருந்தார். அவ்வடிவில் இரு புள்ளிகளும் களையப்பட்டு, நடு உயிர் யாவும் வெறும் அகரமாகியிருந்தன. வெவ்வேறு பொருளுடைய சொற்கள் ஒரே சொல்லாய்த் தோன்றின. அதை மட்டும் நம்பி எழுதியிருந்தால், நடு உயிர்களுக்குப் பேர்போன நீலகிரியில் இம்மொழிக்கு அவ்வுயிரே இல்லை என்று நிறுவியிருக்கலாம்!

ஆகவே மூல நெகிழ்வட்டையும் அதிலிருந்த நிரலையும் எழுத்துருவையும் அவற்றின் சூழலிலேயே இயக்க முடிவுசெய்தேன். 2 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியில் ஆன்டிஎக்ஸ் லினக்ஸை நிறுவினேன். டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளை முதன்மையாகக் கருதி உருவானது. அதன் மூலப் பதிப்பில் ஈதர்நெட் அட்டை இல்லை. எனவே கியூஎமு மெய்நிகர் கணினிக்குள் ஃப்ரீடாஸை அமைத்தேன். எம்எஸ்-டாஸ் கைவிடப்படும் என்ற நிலையில், 1994இல் ஜிம் ஹால் என்னும் மாணவர் தொடங்கிய கட்டற்ற இயங்குதளம் அது.

வலையிணைப்பு எதற்கு என்று கேட்கலாம். மெய்நிகர் வட்டை டாஸ் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே லினக்ஸும் திறந்து எழுதினால் கோப்பமைப்பு சிதைந்துவிடும். ஒவ்வொரு பதிவாகத் திரையில் ஒப்பிட்டு, அவ்வப்போது வெளியே எடுக்க வேண்டிய எனக்கு அது ஆகாது. ஆகவே கியூஎமு போலச்செய்யும் என்ஈ2000 அட்டைக்கு ஒரு பாக்கெட் டிரைவரை ஏற்றி, அதன்மேல் மைக்கேல் புருட்மன் எழுதிய எம்டிசிபி கருவிகளை இயக்கினேன். டாஸுக்கு 10.0.2.15 என்ற முகவரி கிடைத்தது. அதன் கண்ணுக்கு லினக்ஸ் 10.0.2.2.

டாஸ் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். எனவே ஷூபாக்ஸை மூடியதும் எஃப்டிபி வழியே கோப்பை லினக்ஸுக்கு அனுப்பும் சிறு தொகுதிக் கோப்பை எழுதினேன். ஒரு பைட்டும் மாறாதிருக்க இருமப் பரிமாற்றம் கட்டாயம். எஃப்டிபியில் கடவுச்சொல் மறைப்பின்றியே செல்லும். இங்கே அது மடிக்கணினியை விட்டு வெளியேறுவதில்லை என்பதால்தான் துணிந்தேன். இத்தகைய அமைப்பைப் பொது வலையில் திறந்துவிடாதீர்கள்.

திரையில் முதன்முறையாக நடு உயிர் தன் உருவில் தோன்றியபோது, ஒன்றாய்க் கலந்திருந்த சொற்கள் மீண்டும் இரண்டிரண்டாய்ப் பிரிந்தன. அத்திரையைப் பார்த்தே எந்த எண் எந்த ஒலி என்ற அட்டவணையை உருவாக்கினேன். ஒருங்குறிக்கு மாற்றும் நிரலை எழுத அதன்பின் ஒரு மாலைப்பொழுதே போதுமாயிருந்தது.

உங்கள் துறை அலமாரிகளிலும் இத்தகைய நெகிழ்வட்டுகள் கிடக்கலாம். தரவுக்கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் குப்பையில் இடாதீர்கள். நிரல், எழுத்துரு, குறியேற்ற அட்டவணை மூன்றும் அத்தரவின் உறுப்புகளே. அமைக்கும் முறை வேண்டுவோர் எழுதுங்கள். என் தொகுதிக் கோப்புகளை மகிழ்வுடன் பகிர்கிறேன்.