ஒரு நூல் கூடுதல்



என்னிடம் கணக்கு படித்தவர்களுக்கு என் மேசை இழுப்பறை ஞாபகம் இருக்கும். வகுப்பில் பிடுங்கிய கோலிக்குண்டு, பம்பரம் எல்லாம் அதற்குள்தான் போகும். வருடக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒரு பொருளை மட்டும் கொடுக்க முடியாமல் போயிற்று. ஒரு பித்தளைத் தோட்டாவின் அடித்துண்டு.

அதற்கு முன் என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரியலூர்ப் பக்கம் எங்கள் கடலைக் கொல்லைக்குப் பன்றி வரும். பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி தாத்தாவிடம் இருந்தது. பன்னிரண்டு போர். குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதனால்தான் அந்தப் பெயர். சுட்டுப் போட்ட காகிதத் தோட்டாக்களைத் தாத்தா எறிய மாட்டார். உள்ளே மரக்கட்டையைச் செருகி, திண்ணையில் உட்கார்ந்து, சவர பிளேடை வைத்து உருட்டி உருட்டி வாயை நறுக்குவார். கருகிய விளிம்பு சிவப்பு வளையமாகக் கழன்று விழும். நாங்கள் அதைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு திரிவோம்.

“ரெண்டரை அங்குலம். ஒரு மயிரிழை கூடக் கூடாது” என்பார். காரணம் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. தோட்டாவின் நீளம் என்று சொல்வது, சுட்ட பிறகு வாய் விரிந்து நிற்கும் நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டையாக இருக்கும். அதனால் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவும் இரண்டரை அங்குல அறைக்குள் சமர்த்தாக நுழைந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடம் இருக்காது. அறை முடிந்து குழல் ஒடுங்கும் இடத்தில் போய் அது அடைத்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறும். பழைய துப்பாக்கி அதைத் தாங்காது. (பேரப் பிள்ளைகளே, இது கதைதான். இன்று லைசென்ஸ் இல்லாமல் தோட்டா, மருந்து என்று கை வைத்தால் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம் காத்திருக்கிறது.)

இவ்வளவும் தெரிந்தவன் செய்த காரியத்தைத்தான் எழுத வந்தேன்.

1986. பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. என் ஏழாம் வகுப்பில் ஒரு நரிக்குறவர் வீட்டுப் பையன். பெயர் வேண்டாம். கடைசி பெஞ்ச். பின்னத்தில் புலி. அரை, கால், அரைக்கால் எல்லாம் நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் சொல்லிவிடுவான். ஒருநாள் இடைவேளையில் வகுப்புக்குப் பின்னால் கல்படியில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் தோட்டா. மேல்பாதியை ரம்பத்தால் அறுத்துத் தள்ளிவிட்டு, மிச்சத்தின் வாயை ராவிக்கொண்டிருக்கிறான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பிடுங்கினேன். “பள்ளிக்கூடத்துக்குத் துப்பாக்கிச் சாமானா? அப்பனைக் கூட்டிக்கிட்டு வா” என்றேன். அத்தோடு விடாமல், அவன் சாதியைச் சேர்த்து ஒரு வார்த்தையும் சொன்னேன். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் இதைப் படிக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, சிரிக்க வைத்தவன் நான்.

அப்பா வரவில்லை. பையனும் வரவில்லை. ‘அவர்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள்தானே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வசதியான பதில். தேடிப் போயிருக்கலாம், சைக்கிளில் அரை மணி நேரம்தான்.

அந்தத் துண்டு என்ன என்று அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுடையது வாய்வழியாகக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. மருந்தைப் போட்டு, தேங்காய் நாரை வைத்து இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி நார். மருந்துக்கு அளவு ஒரு சின்னக் குப்பிதான். அந்தக் குப்பியின் நீளம் தப்பினால் வெடிப்பது கையில். தாத்தாவின் ரெண்டரை அங்குலமும் இவன் துண்டும் ஒரே கணக்கு. தாத்தா செய்தால் கெட்டிக்காரத்தனம், இவன் செய்தால் குற்றம் என்று நான் எந்த வாய்ப்பாட்டில் படித்தேனோ!

2023 ஜனவரியில் நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் என் ஓய்வூதிய வேலையாகக் கலெக்டர் ஆபீஸ் போயிருந்தேன். மகளின் சாதிச் சான்றிதழுக்காக ஒருவர் வரிசையில் நின்றார். “கணக்கு சார்தானே நீங்க?” என்றார். நரைத்த மீசை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. பின்னத்தில் புலி என்று அவரே நினைவூட்டினார். நான் அன்று சொன்ன வார்த்தையை அவர் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். “விடுங்க சார்” என்று வெளியே பார்த்தார்.

வீட்டுக்கு அழைத்தேன். மகளோடு வந்தார். அந்தப் பெண் நர்சிங் படிக்க விண்ணப்பித்திருந்தது. காபி குடித்து முடித்ததும் இழுப்பறையிலிருந்து பித்தளைத் துண்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். முப்பத்தேழு வருடத்தில் கறுத்துப் போயிருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலின் முதல் கணுவோடு சேர்த்து வைத்து அளந்தார்.

“இன்னும் ஒரு நூல் கூடுதலா இருக்கு சார். அன்னைக்கு நான் ராவி முடிக்கல.”