பெண்ணின் சுபாவத்துக்கு ஏற்ற கல்லூரி

புடைவைக் கடைக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? விலை அதிகம் என்பதற்காக மட்டும் ஒரு புடைவையை வாங்கிவிடுகிறோமா? பெண்ணின் தோளில் போட்டு, அவளுக்கு எடுப்பாக இருக்கிறதா என்று நாலு தடவை பார்க்கிறோம். அதே பெண்ணை நாலு வருஷம் படிக்க அனுப்பும்போது மட்டும், "பெயர் பெற்ற இடமா?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம்!

அமெரிக்காவில் இருக்கும் என் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது, இந்தக் கேள்விதான் அங்கே தினம் தினம் சண்டையாக இருந்தது. பேத்திக்குப் பதினேழு வயது. இரண்டு பேர் இருந்தால் ஓயாமல் பேசுவாள். பத்துப் பேர் கூடினால் வாய் திறக்க மாட்டாள். மகனுக்கு அவளைப் பெரிய சர்வகலாசாலையில் சேர்க்க ஆசை. அவளோ, "சின்னக் கல்லூரிதான் வேண்டும்" என்று பிடிவாதமாக இருந்தாள்.

லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்றால் சித்திரம் கற்றுத் தரும் இடம் என்று எண்ணிவிடாதீர்கள். கணிதம், பௌதிகம், சரித்திரம், இலக்கியம் எல்லாம் அங்கே உண்டு. பல கல்லூரிகளில் மொத்தமே இரண்டாயிரம் பேருக்குள்தான் இருப்பார்கள். பேராசிரியரே நேரில் பாடம் நடத்துவார். எதில் தேர்ச்சி பெறுவது என்று முதல் வருஷமே முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

ஆனால் சின்னக் கல்லூரிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் 1937 முதல் எல்லோருக்கும் ஒரே படிப்பு: ஹோமர், பிளேட்டோ, யூக்ளிட் என்று மூல நூல்களையே படித்து, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விவாதிக்க வேண்டும். கொலராடோ கல்லூரியில் 1970 முதல் ஒரு சமயத்தில் ஒரே பாடம். மூன்றரை வாரத்தில் அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். ஒன்றில் மூழ்கிவிடும் பெண்ணுக்கு அது சொர்க்கம். நிதானமாக அசைபோடும் பெண்ணுக்கோ மூச்சுத் திணறும். ரீட் கல்லூரியில் மார்க் உண்டு. ஆனால் நன்றாகப் படிப்பவளுக்கு, அவளாகக் கேட்டாலொழிய அதைச் சொல்ல மாட்டார்கள். கெண்டக்கியிலுள்ள பெரியா கல்லூரியில் படிப்புக் கட்டணமே கிடையாது. ஆனால் ஒவ்வொருவரும் கல்லூரியில் ஏதாவது வேலை செய்தாக வேண்டும். பெண்கள் கல்விக்கென்றே மேரி லயன் 1837-இல் தொடங்கியது மவுண்ட் ஹோலியோக். நம் நுங்கம்பாக்கத்துப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரிக்கும் அதற்கும் பழைய சகோதரி உறவு உண்டு.

கூச்சமுள்ள பெண்ணுக்குச் சின்னக் கல்லூரி பாதுகாப்பு என்று என் மருமகள் நினைத்தாள். அது பாதிதான் சரி. முந்நூறு பேர் உட்காரும் மண்டபத்தில் கடைசி வரிசையில் ஒளிந்து கொள்ளலாம். பன்னிரண்டு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் எங்கே ஒளிவது? ஆகவே, "நீயே போய்ப் பார்த்துவிட்டு வா" என்றேன். ஒரு கல்லூரியில் ஓர் இரவு மாணவிகளோடு தங்கி, மறுநாள் வகுப்பிலும் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

"பாட்டி, அங்கே எல்லோரும் பேசினார்கள். நானும் பேசினேன்!" என்றாள். என் மகன் கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைத்தான். அதற்கப்புறம் சண்டை இல்லை, கணக்குத்தான்.

ஆமாம், கணக்கும் பார்க்க வேண்டும். வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகும் கல்லூரிகள் பல. ஆனால் அச்சிட்ட தொகையைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை கொடுத்து, அந்தத் தொகையைக் குறைக்கும் கல்லூரிகள் உண்டு. இந்தியாவிலிருந்து போகும் பெண்களுக்கு விதிகள் வேறு. ஒவ்வொரு கல்லூரியிலும் தனித்தனியே விசாரியுங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண் இருந்தால், விவரப் புத்தகங்களைப் புரட்டுவதற்கு முன் ஒரு வாரம் அவளைக் கவனியுங்கள். பரீட்சை இல்லாத நாளில் எதைப் படிக்கிறாள்? தனியாக இருக்கும்போது தெளிவாக இருக்கிறாளா, வாடிப் போகிறாளா? பனியும் குளிரும், ஊருக்கு ஒரே கடைத்தெருவும் அவளுக்கு ஒத்து வருமா? இதையெல்லாம் அவளிடமே கேளுங்கள்.

அவள் தேர்ந்தெடுக்கும் கல்லூரியின் பெயர் அடுத்த வீட்டு மாமிக்குத் தெரியாமல் இருக்கலாம். இருந்தால் என்ன? அங்கே போய்ப் படிக்கப் போவது மாமி இல்லையே!