காமிராவும் கைப்பொருளும்

கைப்பொருள் சிறிதாயிருக்குங்கால் தெரிவு பெரிதாகின்றது. செல்வமுடையான் ஒருவன் தனக்கு ஏலாத கருவியை வாங்கினால், அதனை ஒதுக்கிவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்வான். பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கையிற் கொண்டவர்க்கோ இரண்டாம் முறை என்பதில்லை. எம் கல்லூரிப் புகைப்படக் குழுவிற்குக் காமிரா ஒன்று வாங்கும் பொறுப்பு எம்மிடம் ஒப்புவிக்கப்பட்டபோது இவ்வுண்மை எமக்கு இனிது விளங்கிற்று.

குழுவின் நோக்கத்தை முதற்கண் கூறுவோம். ஆண்டுதோறும் இம்மலரில் ஆசிரியரும் மாணவரும் வரிசையாய் அமர்ந்த படங்கள் வெளிவருகின்றன. விடியுமுன் விடுதி அடுப்பை மூட்டுவோரும், இரவெல்லாம் வாயில் காப்போரும் அவற்றிற் காணப்படுவதில்லை. அவர்தம் உருவை அவர் பணிசெய்யும் இடத்திலேயே எடுத்து, ஒவ்வொருவர்க்கும் ஒரு படம் அளித்தல் வேண்டுமென்பது குழுவினர் முடிவு. அவருட் சிலர் இவ்வாண்டோடு ஓய்வு பெறுபவராதலின், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிவைக்கவும் இயலாதிருந்தது.

எம்முன் நின்ற கருவிகள் இரண்டு. ஒன்று, நிக்கான் நிறுவனத்தார் 2018ஆம் ஆண்டில் தொடக்க நிலையினர்க்கென வெளியிட்ட டி3500. மற்றொன்று, அவரே 2017ஆம் ஆண்டில் இடைநிலையினர்க்கென வெளியிட்ட டி7500. இரண்டும் டி.எஸ்.எல்.ஆர். வகையின. லென்ஸின் வழியே புகும் ஒளியை உள்ளிருக்கும் கண்ணாடி மேல்நோக்கித் திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். விசையை அழுத்தியவுடன் அக்கண்ணாடி மேலெழ, ஒளி பின்னிருக்கும் சென்சாரிற் சென்று பதியும். கண்ணாடியில்லாக் காமிராக்கள் இன்று பெருகிவிட்டமையால், ஒருவர் கைப்பட்ட இத்தகைய கருவிகள் எம்போல்வார்க்கு எட்டும் விலையிற் கிடைக்கின்றன. டி3500 இப்போது உற்பத்தியிலும் இல்லை. ஆகவே இரண்டையும் பழையனவாகவே விசாரித்தோம்.

இடைநிலைக் கருவியின் சிறப்புக்கள் பொய்யல்ல. அதன் காட்சித்துளையில் கண்ணாடிப் பட்டகம் அமைந்திருத்தலால், பதியவிருக்கும் காட்சி முழுவதும் தெளிவாய்த் தோன்றும். மற்றதில் சிறு கண்ணாடிகளே அமைந்து, 100க்கு 95 பங்கே தெரியும். குவியம் நாடும் புள்ளிகள் அதில் 51, இதில் 11. நொடிக்கு அது 8 படம் எடுக்கும், இது 5. அதில் சக்கரம் இரண்டு: ஒன்றால் வேகத்தையும் மற்றொன்றால் துளையளவையும் மாற்றலாம். இதிலோ ஒரே சக்கரம் இரு வேலையும் செய்யும். தனக்கென மோட்டார் இல்லாப் பழைய லென்ஸ்களையும் அது தானே குவியப்படுத்தும். இதற்கு அவ்வாற்றல் இல்லை.

எனினும், படம் பதியும் சென்சாரின் பரப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே: அகலம் 23.5 மில்லிமீட்டர், உயரம் சற்றேறக்குறைய 15.6. விலை குறைந்ததில் 24.2 மெகாபிக்சல், விலை மிகுந்ததில் 20.9. மின்கலம் ஒருமுறை நிரம்பினால் முன்னது 1550 படமும் பின்னது 950 படமும் எடுக்குமென்பது நிறுவனத்தார் கணக்கு. எடையும் முன்னதற்கு 415 கிராம், பின்னதற்கு 720. எனவே, மிகுதியாய்க் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வாங்குவது விரைவையும் கைக்கு எளிமையையுமே.

எம் நண்பர் ஒருவர் இடைநிலைக் கருவிக்காக வலிந்து வாதாடினார். வேடந்தாங்கலிற் பறக்கும் நாரையையும், ஓட்டப் பந்தயத்தின் இறுதி நொடியையும் பிடிக்க வேண்டுமாயின் விரைவே உயிர் என்றார். அவர் கூற்று முற்றும் உண்மை. ஆயின் நாரைக்கு நீண்ட லென்ஸும் வேண்டுமே! அதற்கு எம்மிடம் பணம் ஏது? அன்றியும், யாம் எடுக்க நினைத்தவர் பறப்பவரல்லர். மங்கிய விளக்கொளியில் நிற்பவர்.

அங்கேதான் விடை கிடைத்தது. உடன்வரும் 18–55 லென்ஸின் துளை, 55 முனையில் எப்/5.6க்குமேல் விரியாது. 35 மில்லிமீட்டர் எப்/1.8 லென்ஸோ அதனினும் ஏறக்குறைய ஒன்பதரை மடங்கு ஒளியை உட்புகவிடும். 10இல் ஒரு நொடி வேண்டிய படத்தை ஏறக்குறைய 100இல் ஒரு நொடியில் எடுக்கலாம். கரண்டி பிடித்த கை அசைந்தாலும் உருக் கலங்காது. டி7500 வாங்கின் உடன்வரும் லென்ஸோடு பணம் தீரும். டி3500 வாங்கின் இந்த லென்ஸையும் வாங்கி, படங்களை அச்சிடவும் சிறிது மிஞ்சும். அந்த லென்ஸில் மோட்டார் உண்டாதலின் தடையேதுமில்லை. நண்பரும் இக்கணக்கைக் கண்டு இசைந்தார்.

மற்றொரு நன்மையும் பின்னர்க் கண்டோம். விலையுயர்ந்த கருவி பெட்டியினுள் பூட்டப்படும்; தேர்ந்தவர் இருவர் கையன்றி வேறு கை அதனைத் தீண்டாது. இச்சிறு காமிராவோ முதலாண்டு மாணவர் கையிலும் அச்சமின்றிச் செல்கின்றது. சமையற்கட்டில் எடுத்த படங்களுட் சிறந்தது, அதற்கு முன் காமிராவையே தொட்டறியாத மாணவி ஒருத்தி எடுத்ததாகும். அவ்வம்மையார் தம் படத்தைப் பெற்றுக்கொண்டு, அடையாள அட்டையில் உள்ளதன்றித் தமக்கென இருக்கும் படம் இஃதொன்றே என்றார்.

காமிரா வாங்க விழையும் மாணவ நண்பர்காள்! எது உயர்ந்தது என்று கடைக்காரரை வினவுமுன், யாரை, எவ்வொளியில் எடுக்கப்போகின்றோம் என்று உம்மையே வினவுங்கள். விரைந்தோடுவனவற்றை நாடுவோர் இடைநிலைக் கருவிக்குப் பொருள் சேர்த்துக் காத்திருத்தல் தகும். ஏனையோர் எளிய உடலும் நல்ல லென்ஸும் கொள்வாராக. காத்திருக்க நேரமில்லாத முகங்கள் நம்மைச் சூழப் பல உள.