மூலை வளைய மறுத்தால்...

கடையில் டிபன் பாக்ஸ் வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிறோம், மூடி இறுக்கமா என்று பார்க்கிறோம், பேரம் பேசுகிறோம். உள்ளே மூலையில் விரலை விட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்? மூலை கூராக இருந்தால் தயிர்சாதம் அதில் அப்பிக்கொள்ளும். நாரும் போகாது, விரலும் போகாது. மறுநாள் மூடியைத் திறந்தால் புளிச்ச வாடை! மிச்சம் தங்குகிற இடத்தில்தான் கிருமியும் குடியேறும்.

செங்கல்பட்டில் வீட்டிலிருந்தபடியே, இப்படிப்பட்ட பொருள்களுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பது என் வேலை. மூத்தவள் ஒன்றாம் வகுப்பு, சின்னவன் தூளியில். கூரான ஓரத்தை வளைவாக்குவதற்கு எங்கள் தொழிலில் 'ஃபில்லட்' என்று பெயர். ஓரத்தைத் தொட்டு, இத்தனை மி.மீ. ஆரம் என்று சொன்னால் போதும், கம்ப்யூட்டரே வளைத்துத் தரும். சில நாள் 'முடியாது' என்று அடம் பிடிக்கும்.

போன மாதம் அப்படித்தான் ஒரு குழந்தைகள் டிபன் பாக்ஸ் மக்கர் பண்ணியது. சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஆர்டர் கொடுத்தவர் போனில், "உள் மூலை யார் கண்ணுக்கும்மா தெரியப் போகுது? அப்படியே விட்டுடுங்க" என்றார். கண்ணுக்குத் தெரியாதுதான். பிள்ளையின் வயிற்றுக்குத் தெரியுமே! "ஒரு மணி நேரம் கொடுங்க சார்" என்றேன்.

வளையாத மூலையோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. அதன் அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முதலில் எல்லா ஓரங்களையும் ஒரே தடவையில் கேட்காமல், ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிறகு ஆரத்தை 1 மி.மீ. என்று குறைத்துக் கேட்டேன். சின்ன ஆரத்துக்குச் சம்மதித்துப் பெரியதற்கு மறுத்தால், பெரும்பாலும் இடம் போதவில்லை என்று அர்த்தம். சின்னதற்கும் மறுத்தால், மயிரிழை அகலத்தில் ஏதாவது துண்டுப் பரப்பு பக்கத்தில் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

இங்கே இடம்தான் குறை. அவர்கள் அனுப்பிய வரைபடத்தில் நிமிர்ந்த நாலு மூலைக்கும் 1.5 மி.மீ. ஆரம், அடி ஓரத்துக்கு 5. இவ்வளவு சின்ன மூலையை அவ்வளவு பெரிய வளைவு எப்படிச் சுற்றிவரும்? மூலைகளை முதலில் 8 ஆக்கினேன். அடி ஓரம் ஒரே ஓட்டமாகச் சுற்றி வந்துவிட்டது. அதன் பிறகு 2 மி.மீ. கனம் விட்டு உள்ளே குடைந்தேன். வெளி ஆரத்தில் கனத்தைக் கழித்தால் உள் ஆரம்: மூலைக்கு 6, அடிக்கு 3. பழைய 1.5-ல் கழிக்க ஏது? உள்ளே கூராகவே நின்றிருக்கும்.

பொரியலுக்கான தடுப்பைக் கடைசியில் வைத்தேன். அதன் கனமும் 2 மி.மீ.தான். மேல் ஓரம் இரண்டு பக்கமும் 2 மி.மீ. வேண்டும் என்றால் நடக்குமா? ஒரு பாயில் இரண்டு பேர் கையை விரித்துப் படுக்கிற கதைதான். பக்கத்துக்கு 1 மி.மீ. போதும்.

எதை முதலில், எதைப் பிறகு என்ற இந்த வரிசை கம்ப்யூட்டர் கண்டுபிடித்ததல்ல. எங்கள் ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் மாமல்லபுரம். அங்கே மேற்குப் பக்கம், கூட்டம் அதிகம் போகாத பிடாரி ரதங்கள் இருக்கின்றன. பல்லவர் காலத்துச் சிற்பிகள் பாதியில் விட்டவை. மேலே விமானம் உருவாகியிருக்கும், கீழே வெறும் பாறை. மேலிருந்து கீழே இறங்கி வந்தார்கள் என்பது பார்த்தாலே புரியும். கல்லில் ஒன்று உடைந்தால் ஒட்ட முடியாது. நமக்கோ பின்னால் போய் வரிசையை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது!

கைக்குழந்தையோடு இந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்வேன். சிவப்பு எழுத்தைக் கண்டு "நமக்கு வராது" என்று மூடி வைத்துவிடாதீர்கள். பாத்திரம் தேய்த்துப் பழகிய நம் விரலுக்குத் தெரிந்த மூலை, ஏட்டுப் படிப்பால் மட்டும் தெரிந்துவிடாது.