குடல் எடுக்கும் கத்தியும் பச்சை உணவின் நொதியமும்

கற்பிட்டி முதல் உடப்பு வரையான புத்தளம் கரையோரத்தில் கருவாடு போடுவோர் பெரிய மீனுக்கு முதலில் செய்வது உப்பிடுவதன்று, குடல் எடுப்பதே. அவ்வேலை பிந்தினால் என்ன நேரும் என்பதைக் கையால் அறிந்தவர்களுக்கு, பச்சை உணவிலுள்ள நொதியங்கள் உண்பவரின் சமிபாட்டைச் செய்து முடிக்கின்றன என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவது ஏற்கத்தக்கதாகத் தோன்றாது.

நொதியம் என்பது உயிருடலில் நிகழும் இரசாயனத் தாக்கங்களை விரைவுபடுத்தும் புரதமாகும். மேய்ச்சலில் இருக்கும்போது வலையில் அகப்படும் சாளையின் குடலில் இரையைக் கரைக்கும் நொதியங்கள் நிறைந்திருக்கும். உயிர் போனதும் அவற்றைத் தடுக்கும் காவல் இல்லாமற் போவதால், அவை இரையோடு நில்லாது குடற்சுவரையும் அதையடுத்த வயிற்றுத் தசையையும் கரைக்கத் தொடங்குகின்றன. கரைவலையில் ஏறி வெயிலில் கிடந்த மீனை விரலால் அழுத்தினால் வயிறு குழைந்து, விலாமுள் தோலைத் துளைத்து வெளியே நிற்கும். வயிறு வெடித்த மீன் எவ்வளவு உப்பிட்டாலும் நல்ல கருவாடாகாது. கத்தி நொதியத்தின் இருப்பிடத்தையே அகற்ற, மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு என்னும் வழமைக் கணக்கில் இடப்படும் உப்பு தசையின் நீரை வெளியே இழுத்து, எஞ்சிய நொதியத்தையும் பற்றீரியாவையும் மந்தப்படுத்துகிறது. மீதி நீரை வெயில் வாங்கிக்கொள்கிறது. தசையில் தங்கிவிட்ட நொதியம் உப்புக்குள்ளும் மெல்ல வேலை செய்து புரதத்தைச் சிறிது உடைப்பதாலேயே கருவாட்டுக்கு அதற்கேயுரிய சுவை சேர்கிறது என்பதால், இத்தொழிலை நொதியத்தை அழிக்கும் தொழில் என்பதைவிட அடக்கி ஆளும் தொழில் என்பதே பொருந்தும்.

மனித உடல் சமிபாட்டுக்கு இரவல் நொதியத்தை எதிர்பார்ப்பதில்லை. 1836இல் தியோடர் சுவான் இனங்கண்ட பெப்சின், இரைப்பையின் கடும் அமிலத்தில் புரதத்தை உடைக்கிறது. சதையி சுரக்கும் திரிப்சின் சிறுகுடலில் அதைத் தொடர்கிறது. உணவோடு வரும் நொதியங்களும் புரதங்களே என்பதால், அவற்றுட் பெரும்பாலானவை அந்த அமிலத்தில் உருக்குலைந்து, மற்றப் புரதங்களைப் போலவே சமித்துவிடுகின்றன. தயிரிலுள்ள உயிர்ப் பற்றீரியா பாற்சர்க்கரையை உடைக்கத் துணைநிற்பது உண்மையான விதிவிலக்கு. அதை எல்லாப் பச்சை உணவுக்கும் நீட்ட இயலாது.

சமைத்தல் சமிபாட்டைக் கெடுக்கிறது என்பதும் தவறு. வெப்பம் புரதச் சுருளை அவிழ்த்துப் பெப்சினுக்கு இடங்கொடுக்கிறது: 1998இல் வெளியான பெல்ஜிய ஆய்வொன்றில் அவித்த முட்டையின் புரதம் ஏறத்தாழ 91 வீதமும், பச்சை முட்டையினது 51 வீதமுமே சமித்தன. அரிசியின் மாப்பொருள் மணிகளும் வெந்து விரிந்த பின்னரே உமிழ்நீரின் நொதியத்துக்கு எளிதில் இடங்கொடுக்கின்றன. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனாலேயே. பழமும் கீரையும் பச்சையாக உண்ணத்தக்கவைதாம், ஆயினும் அவற்றின் நன்மை நாரிலும் வெப்பம் தாங்காத விற்றமின் சீயிலும் இருக்கிறது.

கரையில் மிகுந்த கவனம் வேண்டுவது சூரை மீனுக்கே. அதன் தசையிலுள்ள ஹிஸ்டிடீன் என்னும் அமினோ அமிலத்தைப் பற்றீரியாவின் நொதியம் ஹிஸ்டமினாக மாற்றிவிட்டால், உண்டவருக்கு முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் உண்டாகும். ஹிஸ்டமின் கொதியிலும் அழிவதில்லை, உப்பிலும் அழிவதில்லை. ஆகையால் சூரையைக் கரையேறிய கையோடு ஐஸில் இடுவதும், தாமதமின்றிக் குடல் எடுப்பதும் தவிர வேறு வழியில்லை.